டிராக்குக்குப் போகும் பழைய கார்: எதில் ஏற்றுவது, எதனால் இழுப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் காரை டிராக்குக்குக் கொண்டுபோகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் போகிற வழியை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கார் நன்றாகத்தான் இருக்கிறது. உடனே ஸ்டார்ட் ஆகிறது, தானே டிரெய்லர் மேல் ஏறுகிறது. அதை எந்த முறையில் இழுத்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். பந்தயம் முடிந்த மாலையில் கதை வேறு. ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம். கியர்பாக்ஸ் மூன்றாம் கியரில் சிக்கியிருக்கலாம். முன்சக்கரம் ஒன்று தடுப்புச் சுவரில் உரசிக் கோணி நிற்கலாம். மழை தூறும், இருட்டிக்கொண்டு வரும், காலையில் கை கொடுத்த நண்பர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருப்பார்கள். அந்த மாலைக்கு எது உதவுமோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: 1960களின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. அமெரிக்க வின்டேஜ் பந்தயங்களில் எங்கு பார்த்தாலும் ஒன்று நிற்கும், உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். எடை சுமார் 2,100 பவுண்டு, அதாவது ஆயிரம் கிலோவை ஒட்டி. அகலம் ஐந்தடி. வீடு நியூ ஜெர்சியில் என்றும், போகிற இடங்கள் கனெக்டிகட்டின் லைம் ராக் பார்க், நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் என்றும் வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது போர்ஷே 911 அல்லது டாட்சன் 240இசட் என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் முறை ஒன்றுதான். அமெரிக்காவில் வண்டியிலும் டிரெய்லரிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள் பவுண்டில் பேசுவதால் இங்கும் பவுண்டுதான்.

சாலையில் உருட்டிக்கொண்டு போவது

1948 அக்டோபர் 2 அன்று வாட்கின்ஸ் க்ளென் கிராமத்தின் சாலைகளை மறித்து 6.6 மைல் சுற்றில் பந்தயம் நடத்தினார்கள். அதற்கு யோசனை சொல்லி ஏற்பாடும் செய்த கேமரன் ஆர்கெட்சிங்கரே தன் எம்.ஜி. டி.சி. காரில் அதில் ஓடினார். அந்தத் தலைமுறையில் பலர் பந்தயக் காரை ஓட்டிக்கொண்டே வந்து, ஹெட்லைட் மேல் டேப் ஒட்டி, பந்தயத்தில் ஓடி, டேப்பைப் பிய்த்துவிட்டு அதே காரில் வீடு திரும்பினார்கள். இன்றும் உங்கள் கார் பதிவு எண்ணோடு சாலையில் ஓடும் நிலையில் இருந்தால், டிராக் ஐம்பது மைலுக்குள் இருந்தால், ஓட்டிக்கொண்டு போவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பழுதானால் ஃப்ளாட்பெட் லாரி அனுப்பும் சாலை உதவித் திட்டம் ஒன்று கைவசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தய டயர், ரோல் கேஜ், சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட் என்று கார் மாறிவிட்ட பிறகு இந்த வழி அடைபடுகிறது.

அடுத்தது முன்பக்கத்தில் இழுவைக் கம்பியைப் பூட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போவது. செலவு மிகக் குறைவு என்பதால் ஒரு காலத்தில் இது சாதாரணம். ஆனால் எம்.ஜி.பி. போன்ற பின்சக்கர இயக்கக் கார்களுக்கு இதில் ஒரு மறைமுகமான ஆபத்து உண்டு. பழைய கியர்பாக்ஸில் எண்ணெயை வாரி மேலே தெளிப்பது அடியில் சுழலும் லே-ஷாஃப்ட். எஞ்சின் ஓடினால்தான் அது சுழலும். நியூட்ரலில் போட்டு இழுக்கும்போது பின்சக்கரங்கள் வெளித்தண்டை மட்டும் சுழற்றுகின்றன, லே-ஷாஃப்ட் அசையாமல் கிடக்கிறது. மேலே இருக்கும் பேரிங்குகளும் புஷ்களும் எண்ணெய் இல்லாமல் இருநூறு மைல் தேய்கின்றன. சேதம் அன்றைக்குத் தெரியாது. அடுத்த பந்தயத்தில் கியர்பாக்ஸ் ஊளையிடும்போது தெரியும். புரொப்பெல்லர் ஷாஃப்டை டிஃபரன்ஷியல் பக்கம் கழற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் டிராக்கில் சரளைக்கல் மேல் படுத்து, எண்ணெய் பிசுபிசுக்கும் நான்கு போல்ட்டுகளை வருகையிலும் போகையிலும் கழற்றி மாட்ட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

டாலி என்கிற இருசக்கர வண்டியில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி இழுப்பது இன்னொரு வழி. பின்சக்கரங்கள் தரையில் உருள்வதால் கியர்பாக்ஸ் சிக்கல் அப்படியே இருக்கிறது. வாடகைக்கு டாலி தருகிறவர்களே பின்சக்கர இயக்கக் காரில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்கிறார்கள். டாலி முன்சக்கர இயக்கக் காருக்கு ஏற்றது. போதாததற்கு, இந்த இரண்டு முறையிலும் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. பெட்ரோல் பங்க்கில் தவறான பக்கம் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

இந்த இரண்டையும் நான் ஒதுக்குவதற்கு உண்மையான காரணம் வேறு. கார் தன் சக்கரங்களில் உருள முடியாமல் போன நாளில் இரண்டுமே கைவிட்டுவிடும்.

ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஆக, நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும். டிரெய்லர் விளம்பரங்களைப் பார்க்கும் முன் உங்கள் இழுவை வண்டியின் டிரைவர் கதவைத் திறங்கள். கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறனை விட இந்தச் சின்ன எண் முக்கியம். இழுவைத் திறன் என்ற எண் நீண்ட காலம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்ட ஒன்று. ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்த பிறகுதான், அதுவும் டொயோட்டா 2011 மாடலில் முதலில் ஏற்று, மற்றவர்கள் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்த பிறகுதான், எண்களை ஒப்பிடுவதற்கு அர்த்தம் வந்தது. அந்த அளவுகோலும்கூட வண்டியில் 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு வைக்கிறது. குடும்பம், கூலர், நாய் எதுவும் அதில் இல்லை.

டிரெய்லரின் முன்பாரம் நேரே இழுவை வண்டியின் முதுகில்தான் இறங்குகிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாடு தடுமாறும். டிரெய்லர் விஷயமும் அதுதான், என்ன, இங்கே வேகம் மணிக்கு 60 மைல். மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் என்கிற இழுவை இணைப்பின் மேல் இருக்க வேண்டும். குறைந்தால், ஒரு லாரி கடந்துபோகும்போது கிளம்பும் சின்ன ஆட்டம் அடங்காமல் வளரும். இடமும் வலமுமாக வாலாட்டிக் கடைசியில் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். அதற்காக முன்பாரத்தை வேண்டுமளவு ஏற்றவும் முடியாது. ஹிட்ச்சுக்கும் ஒரு வரம்பு உண்டு. 5,000 பவுண்டு இழுக்கும் நடுத்தர எஸ்.யூ.வி.க்களில் அது பெரும்பாலும் 500 பவுண்டு.

இனி எம்.ஜி.பி.யை ஏற்றிப் பார்ப்போம். கார் 2,100. டயர், ஜாக், டூல் பெட்டி, பெட்ரோல் கேன் எல்லாம் சேர்த்து 400. அலுமினிய டிரெய்லர் ஒன்று 1,500 என்றால் மொத்தம் 4,000 பவுண்டு. 12 சதவீத முன்பாரம் 480. டொயோட்டா ஹைலேண்டர் வி6, ஆல்-வீல் டிரைவ் ஹோண்டா பைலட் போன்ற 5,000 பவுண்டு வண்டிகள் இதைத் தாங்கும். அதே காரை 2,200 பவுண்டு இரும்பு டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 4,700, முன்பாரம் 564. இழுவைத் திறனுக்குள்தான் இருக்கிறோம், ஆனால் ஹிட்ச் வரம்பு போய்விட்டது. அதைச் சரிசெய்யக் காரைப் பின்னால் தள்ளினால் வாலாட்டத்துக்குக் கதவு திறக்கும். இரும்பு மலிவு, அலுமினியம் விலை அதிகம் என்று தயங்குகிறவர்கள் இந்த 700 பவுண்டு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரும்பு டிரெய்லரில் மிச்சம் பிடித்த பணத்தைப் பெரிய பிக்கப் லாரிக்குக் கொடுக்க நேரலாம்.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்லா மாடல் ஒய் 3,500 பவுண்டு வரைதான், நம் கணக்கு அதைத் தாண்டிவிட்டது. ரிவியன் போன்றவற்றுக்கு இழுக்கும் பலம் ஏராளம், ஆனால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டிரெய்லரைக் கழற்றாமல் நுழையும்படி அமைந்த சார்ஜிங் நிலையங்களும் குறைவு.

திறந்த டிரெய்லர்

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: இரட்டை ஆக்ஸில், 16 முதல் 18 அடித் தளம், எல்லாச் சக்கரத்திலும் எலெக்ட்ரிக் பிரேக், ஓடாத காரையும் வடத்தால் இழுத்து ஏற்ற முன்னால் ஒரு வின்ச். வாங்கும்போது வின்ச்சைத்தான் முதலில் வெட்டுவார்கள், கார் ஓடத்தானே செய்கிறது என்று. இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியை மறுபடி படியுங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கென்று பார்க்க வேண்டியவை சில உண்டு. எம்.ஜி.பி.யின் எக்ஸாஸ்ட் தரையிலிருந்து நான்கைந்து அங்குலம்தான் இருக்கும். குட்டையான ராம்ப்பில் ஏற்றினால் முகட்டில் வயிறு தட்டும். நீள ராம்ப் கேளுங்கள், அல்லது அடியில் வைக்க இரண்டு மரப்பலகைகளை எடுத்துப் போங்கள். காரை ஏற்றியபின் கதவைத் திறக்க முடியுமா என்று பாருங்கள்: தாழ்ந்த காரின் கதவு டிரெய்லரின் மட்கார்டில் இடிக்கும். டிரைவர் பக்க மட்கார்டு கழன்றோ மடிந்தோ வரும் டிரெய்லர் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் வழியாக ஏறி இறங்க நேரிடும், ஐம்பது வயதில் அது ஒரு தனி விளையாட்டு.

எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். எம்.ஜி.பி.யை முகம் முன்னால் பார்க்க ஏற்றினால் முன்பாரம் இயல்பாக அமையும். பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே 911ஐ அப்படி ஏற்றினால் எடை பின்னுக்குப் போகும், அதனால் பலர் ரிவர்ஸில் ஏற்றுகிறார்கள். எது சரி என்று ஊகிக்க வேண்டாம். நெடுஞ்சாலை லாரி நிலையங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஏறுங்கள். இழுவை வண்டியின் ஆக்ஸில்களில் தெரியும் வித்தியாசம்தான் முன்பாரம். கார் நிற்க வேண்டிய இடத்தைத் தளத்தில் பெயிண்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை மேடைக்குப் போக வேண்டாம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று பந்தயம்தான் என்றால் வாங்கவே வேண்டாம். யூ-ஹால் வாடகைக்குத் தரும் கார் டிரெய்லர் வெறும் எடையில் 2,210 பவுண்டு, 5,290 பவுண்டு வரை ஏற்றலாம். டிரெய்லர் முன்னால் முட்டும்போது தானே பிடிக்கும் சர்ஜ் பிரேக் இருப்பதால் இழுவை வண்டியில் பிரேக் கன்ட்ரோலர் தேவையில்லை, டிரைவர் பக்க மட்கார்டும் மடியும். குறை என்னவென்றால் எடை அதிகம், வேக வரம்பு மணிக்கு 55 மைல், விடுமுறை வாரங்களில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். லைம் ராக்கின் பெரிய வின்டேஜ் விழா லேபர் டே வார இறுதியில் நடக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களும் வீடு மாறுகிறவர்களும் டிரெய்லர் தேடி அலையும் காலமும் கிட்டத்தட்ட அதுவே.

பெட்டி டிரெய்லர் என்கிற ஆசை

பந்தயக் கார்களும் டிரெய்லர்களும் நிற்கும் பேடக்கில் நான்கு பக்கமும் மூடிய வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே விளக்கு, வேலை மேசை, டயர் அலமாரி. பார்த்தால் ஆசை வரும். மெர்சிடிஸ் 1955இல் தன் பந்தயக் காரை முதுகில் சுமந்து மணிக்கு நூறு மைலுக்கு மேல் பறக்கும் நீல நிற லாரி ஒன்றையே கட்டி வைத்திருந்தது. அந்த ஆடம்பரத்தின் வாரிசுகள் இவை. மழை, கல், திருட்டுக் கண் எல்லாவற்றிலிருந்தும் காருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. லைம் ராக்கில் 1959இன் நீதிமன்ற உத்தரவால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கிடையாது. லேபர் டே வார இறுதியில் நடுவே அந்த ஒரு நாள் பந்தயம் இல்லாமல் போகிறது. இடையில் மழை வந்தால் காரைப் பூட்டி வைக்கப் பெட்டி இருப்பது நிம்மதிதான்.

விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். 24 அடிப் பெட்டி காலியாகவே 3,800 பவுண்டு அளவில் இருக்கும். எம்.ஜி.பி. 2,100. இடம் இருக்கிறதே என்று சேரும் சாமான் 1,500. மொத்தம் 7,400, முன்பாரம் 13 சதவீதத்தில் 962. சாமானுக்கும் ஆட்களுக்கும் 1,600 பவுண்டு என்று ஸ்டிக்கர் சொல்லும் ஒரு பிக்கப்பில் நான்கு பெரியவர்கள் ஏறினால் வரம்பு அங்கேயே முடிந்தது, தண்ணீர் பாட்டிலுக்குக்கூட இடமில்லை. எடையைப் பிரித்து முன் ஆக்ஸிலுக்குத் தள்ளும் ஹிட்ச் கட்டாயமாகிறது. அதைவிடக் கொடியது காற்று. எட்டரை அடி அகலச் சுவரைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாக ஏறும். 55இலிருந்து 65 மைலுக்குப் போனால் எதிர்ப்பு 40 சதவீதம் கூடும். பெட்ரோல் மீட்டர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பக்கக் காற்று வீசும் பாலங்களில் கையும் நோகும்.

வீட்டு முன்னால் நிறுத்த குடியிருப்போர் சங்கம் விடுமா என்ற கேள்வியும் உண்டு. பல இடங்களில் விடாது, மாதாமாதம் ஸ்டோரேஜ் வாடகை கட்ட வேண்டும். எனவே பெட்டி யாருக்கு? ஏற்கெனவே முக்கால் டன் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு, மாதம் ஒரு பந்தயம் ஓடுகிறவர்களுக்கு, டிரெய்லரிலேயே தூங்குகிறவர்களுக்கு. கலிஃபோர்னியாவின் லகூனா செக்காவுக்கு ஒரே ஒரு தடவை போக ஆசைப்படும் கிழக்குக் கரைக்காரர் அதற்காகப் பெட்டி வாங்க வேண்டாம். மூடிய லாரியில் கார் கொண்டுபோகும் தொழில்முறை நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டு விமானத்தில் போவது மலிவு.

கட்டுவதும் போவதும்

காருக்கு நான்கு ஸ்ட்ராப், ஒவ்வொன்றும் இரண்டு அங்குல அகலம், 3,333 பவுண்டு வேலைத்திறன் உள்ளது. டயரைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப்தான் பழைய காருக்கு நல்லது: சஸ்பென்ஷன் தன்பாட்டுக்கு ஆடும், டயர் மட்டும் தளத்தோடு நிற்கும். வயர் வீல் கம்பிகளுக்குள் எதையும் நுழைக்காதீர்கள். பின் ஆக்ஸிலைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். எம்.ஜி.பி.யில் பிரேக் குழாய் ஆக்ஸில் மேலேயே ஓடுகிறது. ஸ்ட்ராப் அதை நசுக்கினால் பந்தயத்தில் பிரேக் இருக்காது. துணி உறை போட்டுத் திறந்த டிரெய்லரில் போக வேண்டாம், காற்றில் படபடத்துப் பெயிண்டைத் தேய்த்துவிடும். கிளம்பி இருபது மைலில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

பிரேக் கன்ட்ரோலரில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறதோ அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். வாலாட்டம் தொடங்கினால் கால் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். டிரெய்லர் கழன்றுபோனால் தானே பிரேக் பிடிக்கும் சுவிட்சின் பேட்டரியை சீசன் தொடக்கத்தில் சோதியுங்கள். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகின்றன. பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஐந்தாறு வருடமானால் டிரெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள். டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னியும் அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் வேண்டும்; காரின் ஸ்பேனர் பொருந்தாது.

கைபேசி வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். நியூ ஜெர்சியிலிருந்து லைம் ராக்குக்குப் போகும்போது அது ஆசையாக டகோனிக் பார்க்வேயைக் காட்டும். நியூயார்க்கின் பார்க்வேக்களிலும் கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. ஐ-684 பிடித்து, 22ஆம் எண் சாலையில் வடக்கே ஏறுங்கள்.

காரின் இன்ஷூரன்ஸ் டிரெய்லர் மேல் இருக்கும்போதும் செல்லுமா, பேடக்கில் செல்லுமா, டிராக்கில் எந்தக் கோட்டில் நின்றுவிடுகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சீசனை வாடகை டிரெய்லரில் ஓட்டுங்கள். எத்தனை முறை போகிறீர்கள், எத்தனை முறை கார் ஓடாமல் திரும்பியது என்று தெரிந்த பிறகு, பந்தயம் இல்லாத குளிர்காலத்தில், வின்ச் உள்ள அலுமினியத் திறந்த டிரெய்லர் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்குங்கள். எம்.ஜி.பி. அளவுள்ள காருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.